விக்கப்போற வீட்டுக்கு எந்த மாதிரி கிச்சன் போடலாம்? கடலூர், பாண்டி பக்கம் வீடு வச்சிருக்கிறவங்களுக்கு

பழைய வீட்ட சரி பண்ணி வித்துரலாம்னு முடிவு பண்றவங்க முதல்ல பெயின்டருக்கு போன் பண்ணுவாங்க, அப்புறம் பாத்ரூம் டைல்ஸ், கடைசியா கைல காசு மிச்சம் இருந்தா கிச்சன். நான் இத அப்படியே மாத்தி பண்ணச் சொல்வேன். கடலூரோ பாண்டியோ, வீடு பாக்க வர்ற குடும்பத்துல ஆம்பளைங்க பட்டா, பத்திரம், ரோடு எத்தன அடி, போர் தண்ணி எப்படின்னு கேட்டுக்கிட்டு ஹால்லயே நின்னுருவாங்க, வீட்டம்மா நேரா கிச்சனுக்கு போயிருவாங்க. அவங்க அங்கருந்து வெளிய வந்து வீட்டுக்காரர பாக்கற பார்வைலயே வீடு வேணுமா வேணாமான்னு பாதி முடிவாயிரும். பிடிக்கலன்னா அங்கயே யாரும் சொல்ல மாட்டாங்க, "சரிங்க, கலந்து பேசிட்டு சொல்றோம்"னு கிளம்புவாங்க, அதுக்கப்புறம் போன் வராது. அதனால பட்ஜெட் போடறப்பவே கிச்சனுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டு மிச்சத்துல மத்த வேலைய பாருங்க.

எந்த ஸ்டைல்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, உங்க தெருவுல வீடு வாங்க யாரு வருவாங்கன்னு யோசிங்க. எல்லாரும் இத தாண்டிப் போயிட்டு நேரா யூட்யூப்ல கலர் பாக்க உக்காந்துடறாங்க. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம்னா கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டுன்னு வேலை பாக்கறவங்க, வாத்தியாருங்க வருவாங்க. செம்மண்டலம் பக்கம் பாத்தா பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி கிராமங்கள்ல நிலம் வச்சிருந்து புள்ளைங்க படிப்புக்காக டவுனுக்கு வர்ற குடும்பங்க, நெய்வேலில ரிட்டயர்டு ஆகி குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு சொந்தமா ஒரு வீடு தேடறவங்க. இவங்க எல்லாருமே தினமும் மூணு வேளை வீட்டுல சமைக்கறவங்க. கிரைண்டர் வைக்க இடம், பெரிய குக்கர் கழுவ சிங்க், அரிசி மூட்டை வைக்க ஒரு மூலை, இது இருக்கான்னு தான் பாப்பாங்க. பாண்டில லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம்னா ஜிப்மர்ல வேலை பாக்கற சின்ன வயசு தம்பதிங்க வருவாங்க, ரெண்டு பேரும் டூட்டிக்கு போறவங்க, அவங்களுக்கு சுத்தம் பண்ண ஈஸியா இருக்கணும், பாக்க புதுசா இருக்கணும். ரிட்டயர்மென்ட்டுக்கு பாண்டில செட்டில் ஆகலாம்னு சென்னைலருந்து வர்றவங்க ஒரு பக்கம், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கற சொல்தா குடும்பங்க ஒரு பக்கம். ஒயிட் டவுன் பக்கம் வர்ற கஸ்டமர் பாதி பேரு ஹோம்ஸ்டே நடத்தற எண்ணத்தோட வருவாங்க, அவங்க கணக்கே வேற. இப்படி உங்க வீட்டுக்கு வரப்போற ஆள் யாருன்னு மனசுல ஒரு உருவம் வந்துட்டா, பாதி குழப்பம் தானா தீந்துரும்.

சரி, ஸ்டைலுக்கு வருவோம். நம்ம ஊர் நடைமுறைல நாலு விதம் தான். கடப்பா கல்லு ஷெல்ஃப் வச்ச பழைய கிச்சன், அலுமினியம் ஃப்ரேம்ல பிவிசி ஷீட் கதவு போட்டது, செங்கல்லும் கிரானைட்டும் வச்சு கட்டி முன்னாடி மட்டும் பிளைவுட் கதவு மாட்டற செமி மாடுலர், அப்புறம் பாக்ஸ் பாக்ஸா செஞ்சு கொண்டு வந்து பூட்டற ஃபுல் மாடுலர்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். கடலூர் டவுன்லயும் பாண்டில தனி வீடுங்களுக்கும் பத்துல எட்டு வீட்டுக்கு செமி மாடுலர் தான் சரி. கீழ சட்டம் முழுக்க செங்கல்லு, இல்லன்னா ஃபெரோ சிமென்ட் ஸ்லாப் (கம்பி வலை வச்சு வார்த்த மெல்லிசு சிமென்ட் பலகை), மேல கிரானைட், முன்னாடி நல்ல பிளைவுட்ல லேமினேட் ஒட்டின கதவு, உள்ள நாலஞ்சு டிராயர். பாக்கறதுக்கு மாடுலர் மாதிரியே இருக்கும், அதே நேரம் தண்ணி பட்டு உப்பிப்போற பாக்ஸ் எதுவும் உள்ள இல்ல, கரையான் ஏற வழி கம்மி, நாளைக்கு வாங்கினவங்களுக்கு கதவு டிசைன் பிடிக்கலன்னா கதவ மட்டும் மாத்திக்கலாம். இத வாங்க வர்றவங்ககிட்ட வாய் விட்டு சொல்லலாம், "உள்ள எல்லாம் கட்டு வேலைங்க, கதவு மட்டும் தான் மரம்"னு. நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல இருந்து வர்றவங்களுக்கும் கிராமத்துல இருந்து வர்றவங்களுக்கும் இந்த ஒரு வார்த்தை பெரிய நிம்மதி.

பழைய கடப்பா ஷெல்ஃப் இருந்தா உடனே உடைக்காதீங்க. கல்லு ஆடாம, விரிசல் இல்லாம இருந்தா அதுவே உங்க செமி மாடுலருக்கு ரெடிமேட் சட்டம். மேல மேடைய மட்டும் எடுத்துட்டு கிரானைட் போட்டு, முன்னாடி ஃப்ரேம் அடிச்சு கதவு மாட்டினா போதும், உடைக்கற கூலி, டெப்ரிஸ் அள்ளற வண்டி வாடகை எல்லாம் மிச்சம். மேடைலயே கடப்பா இருந்தா அத மட்டும் மாத்தியே ஆகணும், அது சுண்ணாம்பு வகை கல்லு, புளித்தண்ணி, எலுமிச்ச சாறு பட்டு பட்டு மேல் பளபளப்பு போயி திட்டு திட்டா தெரியும், எவ்வளவு தேச்சாலும் வீட்டோட வயச காட்டிக் குடுத்துரும்.

அலுமினியம் பிவிசி வேலைய நான் குறைச்சு சொல்லல, வாடகை வீட்டுக்கு அது நல்ல சாய்ஸ், தண்ணிக்கும் கரையானுக்கும் கவலை இல்ல, ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுரும். ஆனா விக்கற வீட்டுல அத போட்டா வர்றவங்க மனசுலயே அத பிடுங்கிட்டு புதுசு போடற செலவ கணக்கு போட்டு விலைல இருந்து கழிச்சுருவாங்க. அடுப்புக்கு பக்கத்துல இருக்கிற பிவிசி கதவு சூட்டுல லேசா வளையவும் வளையும். நீங்க செலவும் பண்ணி, விலையும் இறங்கறதுக்கு அது தேவையில்ல.

ஃபுல் மாடுலர் எப்ப போடலாம்னா, அபார்ட்மென்ட்டா இருந்தா போடலாம். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் விக்கறீங்கன்னா உங்களுக்கு போட்டி பக்கத்துல புதுசா கட்டற பில்டர் ஃபிளாட் தான், அங்க மாடல் ஃபிளாட்ட பாத்துட்டு தான் உங்ககிட்ட வருவாங்க. மேல் மாடிலன்னா கரையான் பயமும் கம்மி, தரைல ஓதம் ஏறறதும் இல்ல. அதுலயும் மரத்தூள அழுத்தி செய்யற பார்ட்டிகிள் போர்டு பாக்ஸ் வேண்டவே வேண்டாம், சிங்க் பக்கம் ஒரு தடவ தண்ணி கசிஞ்சா உப்பி உதிர்ந்துரும். ஒரு விஷயம், மாடுலர் கம்பெனிக்காரங்க ஸ்கொயர் ஃபீட் ரேட் சொல்றப்ப எத ஸ்கொயர் ஃபீட்டுங்கறாங்கன்னு கேளுங்க. முன்பக்க அளவ மட்டும் எடுக்கறவங்களும் இருக்காங்க, சைடு பேனல், லாஃப்ட், ஸ்கர்ட்டிங்னு தனித்தனியா சேக்கறவங்களும் இருக்காங்க, டிராயர் சேனலும் பேஸ்கெட்டும் அந்த ரேட்டுக்குள்ளயா வெளியவான்னு எழுதி வாங்கிட்டு தான் அட்வான்ஸ் குடுக்கணும்.

ஓப்பன் கிச்சன் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. சுவத்த இடிச்சு ஹாலோட சேத்துட்டா இடம் பெருசா தெரியும், போட்டோல அருமையா இருக்கும், உண்மை தான். ஆனா இது மீன் சாப்பிடற ஊரு. கடலூர் துறைமுகத்துலயோ பாண்டி தேங்காத்திட்டுலயோ காலைல வாங்கின மீன மத்தியானம் வறுத்தா ஹால் சோபா, ஸ்க்ரீன் துணி வரைக்கும் ரெண்டு நாளைக்கு அந்த வாடை நிக்கும். வீட்டம்மாக்கு இது பாத்த உடனே தோணிரும். சைவம் சாப்பிடறவங்களுக்கும் தாளிப்பு புகையும் மிளகா நெடியும் இருக்கே. அதுக்கு பதிலா ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்கிற சுவத்துல மூணு நாலு அடி அகலத்துல ஒரு ஓப்பனிங் எடுத்து, கீழ கிரானைட் பலகை போட்டு, கண்ணாடி ஸ்லைடிங் மாட்டுங்க. வெளிச்சம் வரும், சாப்பாடு எடுத்து வைக்க வசதி, சமைக்கறப்ப மூடிக்கலாம். சுவத்த தொடறதுக்கு முன்னாடி அது வெறும் தடுப்பு சுவரா, மேல இருக்கிற ரூஃப தாங்கற சுவரான்னு இன்ஜினியர் வந்து பாத்தாகணும், பழைய லோடு பேரிங் வீடுங்கள்ல ஒன்பது இன்ச் சுவருன்னா மேஸ்திரி பேச்ச மட்டும் நம்பி கை வைக்கவே கூடாது.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்கிற பிரச்சினை, உப்பு. கடல் காத்துல ஒரு உப்பு, போர் தண்ணில ஒரு உப்பு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, பாண்டில வைத்திக்குப்பம், சோலை நகர், வீராம்பட்டினம் இந்த மாதிரி கடல் ஓரத்துல வீடு இருந்தா கிச்சன்ல மாட்டற ஒவ்வொரு இரும்பு சாமானும் துரு பிடிக்கும்னு நெனச்சுக்கிட்டே வாங்கணும். குரோம் பூசின கம்பி பேஸ்கெட் பளபளன்னு இருக்கும், ஒரு மழைக்காலம் போனா வெல்டிங் பண்ண இடத்துல எல்லாம் செம்புள்ளி வந்துரும். பேஸ்கெட், ஹிஞ்ச், கைப்பிடி, ஸ்க்ரூ வரைக்கும் 304 கிரேடு ஸ்டீல் கேளுங்க. கடைல காந்தத்த ஒட்டிக் காட்டி "பாருங்க சார் ஒட்டல, இது 304"னு சொல்வாங்க. அத நம்பாதீங்க, விலை கம்மியான 202 கிரேடுலயும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, அதுல நிக்கல கொறச்சு மாங்கனீஸ் சேத்துருப்பாங்க, கடல் காத்துக்கு அது தான் முதல்ல துரு பிடிக்கும். ஸ்டீல் டெஸ்ட் பண்றதுக்குன்னு சின்ன பாட்டில்ல ஒரு சொட்டு மருந்து விக்குது, ஸ்டீல் மேல வச்சா கலர் மாறறத வச்சு சொல்லிரலாம், பெரிய கடைங்கள்ல கேட்டா அவங்களே போட்டுக் காட்டுவாங்க. பில்லுல கிரேட எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா அடுத்த கடைக்கு போங்க.

தண்ணி உப்புக்கு கலர்ல தான் மருந்து. இப்ப ஃபேஷன்னு கருப்பு சிங்க், கருப்பு மேட் டேப், ஜெட் பிளாக் கிரானைட்டுன்னு எல்லாம் கருப்பா போடறாங்க, கடைல பாக்க ராஜா மாதிரி இருக்கும். போர் தண்ணி ஊத்தி ஒரு வாரம் காய விட்டா வெள்ள வெள்ளயா உப்புத்திட்டு நிக்கும், வீடு காலியா கெடக்கறப்ப யாரு தினம் தொடைக்கப் போறாங்க? கஸ்டமர் வர்றப்ப அந்த திட்டப் பாத்து "இங்க தண்ணி மோசம் போலருக்கு"ன்னு முடிவே பண்ணிருவாங்க. புள்ளி புள்ளியா இருக்கிற கிரே, பிரவுன் கலந்த கிரானைட் எடுங்க, உப்பும் தெரியாது, கறையும் தெரியாது. வெள்ள மார்பிள் மேடை நம்ம சமையலுக்கு ஆகவே ஆகாது, மஞ்சளும் புளியும் ஒரே மாசத்துல அத பாழாக்கிரும். குவார்ட்ஸ் பாக்க அழகு தான், அதுல ரெசின் கலந்துருக்கறதால சூடா இருக்கிற தோசைக்கல்ல, குக்கர நேரா இறக்கி வச்சா தடம் விழும், நம்ம வீடுங்கள்ல யாரும் கீழ துணி போட்டு இறக்கறதில்ல. கிரானைட் தான், 18 இல்லன்னா 20 எம்எம் கனம், முன் விளிம்பு அரை வட்டமா உருட்டினது. மேடை ஆழம் 24 இன்ச், உயரம் 33ல இருந்து 34 இன்ச். உங்க உயரத்துக்கு அளவு எடுக்காதீங்க, வாங்கப்போறவங்க சராசரி உயரத்துக்கு எடுங்க. மேல் கப்போர்டு மேடைல இருந்து 24 இன்ச் மேல தொடங்கணும், இல்லன்னா மிக்ஸி மூடிய தொறக்க முடியாது.

அடுத்தது சிங்க்கு. இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்து சொல்றேன், ஏன்னா கிச்சன்ல வீடு விக்கறதும் நிக்கறதும் இங்க தான். திருப்பாப்புலியூர்ல ஒரு வீட்டுக்கு வந்த அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், மேல இருக்கிற கண்ணாடி கதவு, டிசைன் டைல்ஸ் எதையும் கண்டுக்கல. நேரா சிங்க் கீழ இருக்கிற கதவ தொறந்தாங்க, குனிஞ்சு பின் மூலைல கைய விட்டு சுவத்த தடவிப் பாத்தாங்க, விரல மோந்து பாத்தாங்க, அப்புறம் டேப்ப முழுசா தொறந்து விட்டுட்டு கீழ பைப்பையே பாத்துக்கிட்டு நின்னாங்க. கை ஈரமில்லாம வந்துச்சு, பைப்பு கசியல. திரும்பி மருமககிட்ட "இது நல்லா செஞ்சுருக்காங்கம்மா"ன்னாங்க. அதுக்கப்புறம் தான் மத்த ரூம பாக்கவே போனாங்க. இப்படி பாக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகவே சிங்க்கு கீழ வேலைய செய்யணும். உள்பக்கம் தரையும் மூணு பக்க சுவரும் டைல்ஸ் ஒட்டுங்க, மிச்சம் மீதி டைல்ஸ் போதும். பாட்டில் ட்ராப் (சிங்க் பைப்புல எப்பவும் கொஞ்சம் தண்ணி தேக்கி வாடைய தடுக்கற கப்பு) கட்டாயம் வைங்க, பழைய தனி வீடுங்கள்ல சிங்க் பைப்ப நேரா வெளிய சேம்பர்ல விட்டுருப்பாங்க, ராத்திரி கரப்பான் அது வழியா தான் ஏறும், வாடையும் அது வழியா தான் வரும். ரெண்டா பிரிஞ்ச குட்டி சிங்க் எடுக்காதீங்க, இட்லி பானையும் பெரிய குக்கரும் படுத்து உருள்ற மாதிரி ஒரே பவுல், 24க்கு 18, ஆழம் 9 இன்ச், மேட் ஃபினிஷ். டேப்பு சுவத்துல மாட்டறது நல்லது, பழுதானா தெருக்கோடி பிளம்பரே மாத்திருவாரு.

கதவுக்கு பிளைவுட் வாங்கறப்ப ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிற பி.டபிள்யூ.பி தான், கடைல மரைன் பிளைன்னு சொல்வாங்க, அதுக்கு 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கற சோதனை இருக்கு. 303 முத்திரை போட்டத கிச்சனுக்கு தள்ள பாப்பாங்க, பெட்ரூம் அலமாரிக்கு அது போதும், சிங்க் பக்கத்துக்கு போதாது. சந்தேகமா இருந்தா ஒரு சின்ன துண்டு வெட்டி வாங்கிட்டு வந்து வீட்டுல குக்கர்லயோ சட்டிலயோ சில மணி நேரம் கொதிக்க விடுங்க, லேயர் பிரிஞ்சா வேண்டாம். வேலை முடிஞ்ச அன்னிக்கு ஒண்ணு பண்ணுங்க, ஒவ்வொரு கதவோட கீழ் விளிம்பையும் விரல் விட்டு தடவுங்க. கண்ணுக்கு தெரியற மூணு பக்கமும் ஓரத்த மூடற பட்டைய (எட்ஜ் பேண்ட்) ஒட்டிட்டு, கீழ தெரியாதுன்னு விட்டுருவாங்க. வீடு கழுவற தண்ணி அங்க தான் ஏறும். பச்ச மரம் தட்டுப்பட்டா அங்கயே ஒட்டச் சொல்லிட்டு தான் கடைசி பணம் குடுக்கணும்.

கலரப் பத்தி அதிகம் பேச எதுவும் இல்ல. கீழ் கதவு கொஞ்சம் அடர்த்தி, மேல் கதவு கிரீமோ ஆஃப் ஒயிட்டோ, இல்லன்னா ரெண்டும் ஒரே லைட் மரக் கலர். செக்கச்செவேல்னு பளபளக்கற அக்ரிலிக், ஊதா, ரெண்டு மூணு கலர் கலந்தது எல்லாம் பழைய ஃபேஷன் ஆயிடுச்சு. மேடைக்கு மேல பழக்கூடை, காபி கப், திராட்சை கொத்து படம் போட்ட டைல்ஸ் இருந்தா அத எடுத்துருங்க, அது இருக்கிற வரைக்கும் நீங்க கீழ எவ்வளவு செலவு பண்ணாலும் கிச்சன் பழசா தான் தெரியும். பிளெய்னா, லேசா பளபளப்பு இருக்கிற டைல்ஸ், மேல் கப்போர்டு வரைக்கும் முழு உயரம். டைல்ஸுக்கு நடுவுல எபாக்ஸி ஃபில்லிங் போட்டா எண்ணெய் இறங்காது. தரைக்கு வழுக்காத டைல்ஸ்.

கரண்ட் பாயின்ட்ட மறக்காதீங்க, இது சின்ன செலவு, பெரிய மரியாதை. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், இன்டக்‌ஷன் அடுப்பு, ஓவன் இதுக்கெல்லாம் தனித்தனியா 16 ஆம்ப் சாக்கெட், மிக்ஸிக்கு ஒண்ணு, ஆர்.ஓ. மாட்ட தண்ணி லைனோட ஒரு பாயின்ட். நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் ஆர்.ஓ. வரும், அதுக்கு இடம் யோசிக்காம டைல்ஸ் ஒட்டிட்டா வாங்கினவங்க வந்து புது டைல்ஸ்ல டிரில் போடணும். சிம்னிய பொறுத்த வரைக்கும், லாஸ்பேட்டை ஃபிளாட்டுன்னா மாட்டிக் குடுங்க. கடலூர் தனி வீடுன்னா பைப்பு வெளிய போறதுக்கு 6 இன்ச் ஓட்டை போட்டு மூடி வச்சு, சாக்கெட்டும் குடுத்துட்டு, இப்போதைக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டினா போதும். வர்றவங்க அவங்க பிராண்ட்ட அவங்க மாட்டிக்கிறேன்னு தான் சொல்வாங்க.

கேஸ் சிலிண்டர வெளிய வச்சு பைப்ல உள்ள கொண்டு வரலாம், இடம் இல்லாம மேடைக்கு கீழ கப்போர்டுக்குள்ள வைக்கறீங்கன்னா அந்த கதவுல கீழ்ப்பக்கம் கட்டாயம் காத்துப்போக்கு ஓட்டை விடணும். கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையோட தங்கிரும். மூடின டப்பாக்குள்ள அது தேங்கினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. கதவு அழகு கெட்டுப்போகும்னு கார்பென்டர் சொன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க. நாளைக்கு அந்த வீட்டுல வேற ஒரு குடும்பம் இருக்கப்போகுது.

பின்பக்கம் இடம் இருந்தா அது உங்களுக்கு பெரிய பலம். கிச்சன்ல இருந்து பின்னாடி போற கதவு, அங்க ஷீட் போட்ட ஒரு சின்ன வொர்க் ஏரியா, தாழ்வா ஒரு தொட்டி, ஒரு டேப், மீன் அலச, பெரிய பாத்திரம் துலக்க, வாஷிங் மெஷின் வைக்க. பாண்டி பழைய தமிழ் வீதிகள்ல முற்றம் வச்ச வீடுங்கள்லயும் இதே வசதிய முற்றத்து ஓரத்துல பண்ணலாம். இதுக்கு ஆகற செலவு மாடுலர் டிராயர் ரெண்டு மூணுக்கு ஆகறத விட கம்மியா இருக்கும், ஆனா வீட்டம்மாங்க கூடுதல் விலை குடுக்க ஒத்துக்கறது இதுக்குத்தான். அந்த பழைய வீடுங்கள்ல மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சது), பழைய தரை ஓடு இதெல்லாம் இருந்தா அத மறைக்காதீங்க, கிச்சன மட்டும் எளிமையா, ஒயிட் வாஷும் மரமும் கிரானைட்டுமா விட்டுருங்க. ஹோம்ஸ்டே எண்ணத்துல வர்றவங்க அந்த பழமைக்கு தான் காசு குடுக்கறாங்க, அங்க பளபள அக்ரிலிக் போட்டா விலை ஏறாது, இறங்கும். ஹெரிட்டேஜ் ஏரியாவுக்குள்ள வீடு இருந்தா முகப்ப தொடறதுக்கு முன்னாடி பிளானிங் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

வெள்ளம் பத்தி பேசாம கடலூர்ல வீட்டு வியாபாரம் பேச முடியாது. 2011 தானே புயல், 2015 வெள்ளம் ரெண்டும் இன்னும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, 2024 ஃபெஞ்சலுக்கு பாண்டில ரெயின்போ நகர் மாதிரி இடங்கள்ல தண்ணி நின்னத எல்லாரும் பாத்தாங்க. வர்றவங்க முதல் கேள்வியே "இங்க தண்ணி வந்துச்சா?" தான். வந்துருந்தா வந்துச்சுன்னு சொல்லிருங்க, பக்கத்து வீட்டுல கேட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும். அந்த மாதிரி ஏரியான்னா கிச்சன் கீழ் பாகம் முழுக்க செங்கல், டைல்ஸ், கிரானைட் மட்டும், மர வேலை தரைல இருந்து ஆறு இன்ச்சாவது மேல ஆரம்பிக்கணும், சாக்கெட் எதுவும் மேடைக்கு கீழ வேண்டாம். "தண்ணி வந்தாலும் கழுவி விட்டா போதும், எதுவும் கெடாது"ன்னு நீங்க தைரியமா சொல்லலாம்.

வாஸ்து நீங்க நம்பறீங்களோ இல்லையோ, வாங்கறவங்க ஒருத்தர கூட்டிட்டு வந்து பாப்பாங்க. கிச்சன் தென்கிழக்கு அக்னி மூலைல இருந்தா இடத்த மாத்தவே மாத்தாதீங்க. வடமேற்குல இருந்தாலும் ஒத்துக்குவாங்க. கிழக்க பாத்து நின்னு சமைக்கற மாதிரி அடுப்பு, அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு அடி. இது வாஸ்துக்கு மட்டும் இல்ல, சிங்க்ல இருந்து தெறிக்கற தண்ணி கொதிக்கற எண்ணெய்ல விழாம இருக்கவும் இந்த இடைவெளி வேணும். வடகிழக்குல கிச்சன் இருந்தா தான் பேரம் கஷ்டம், அப்ப மட்டும் மாத்தறதுக்கு என்ன செலவாகும்னு மேஸ்திரிய வச்சு கணக்கு பாருங்க.

எவ்வளவு செலவு பண்ணலாம்னு கேட்டா, என் கணக்கு இது: வீடு என்ன விலைக்கு போகும்னு நெனைக்கறீங்களோ அதுல நூத்துக்கு நாலு ரூபாய தாண்டாதீங்க. ஐம்பது லட்சம் வீட்டுக்கு ரெண்டு லட்சம். அதுக்கு மேல போடற ஒவ்வொரு ரூபாயும் உங்க ரசனைக்கு போடறது, அது விலையா திரும்பி வராது. பழைய கடப்பா சட்டம் நல்லா இருந்தா இதுல பாதில கூட முடிக்கலாம்.

எப்ப ஆரம்பிக்கறதுன்னா, நமக்கு மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். அந்த நேரத்துல மர வேலை வச்சா காத்துல இருக்கிற ஈரத்துக்கு கதவு வளையும், லேமினேட் சரியா ஒட்டாது. ஆடில யாரும் வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்க, அதனால ஆடிக்குள்ள வேலைய முடிச்சுட்டு ஆவணி பொறந்ததும் காட்ட ஆரம்பிச்சா மழைக்கு முன்னாடி ரெண்டு மாசம் கிடைக்கும். அத விட்டா தை. வேலை வரிசை முக்கியம்: உடைக்கறது, பைப்பு, கரண்ட் லைன், பைப்புல பிரஷர் விட்டு கசிவு பாக்கறது, அப்புறம் டைல்ஸ், கிரானைட். டைல்ஸ் காஞ்சப்புறம் தான் கார்பென்டர் அளவு எடுக்கணும். முன்னாடியே எடுத்து கதவு செஞ்சுட்டு வந்தா அரை இன்ச் வித்தியாசத்துல ஒண்ணும் உக்காராது, சண்டை தான் வரும்.

பில்லு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. வீட்ட ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா நீண்டகால மூலதன ஆதாய வரி வரும், 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீடா இருந்தா 12.5 சதவீதம் இண்டெக்சேஷன் (விலைவாசி ஏறினதுக்கு தகுந்த மாதிரி வாங்கின விலைய கூட்டிக் கணக்கு போடறது) இல்லாம, இல்லன்னா 20 சதவீதம் இண்டெக்சேஷனோடன்னு ரெண்டுல எது கம்மியோ அந்த வழில இந்தியாவுல குடியிருக்கிற தனி நபர்கள் கட்டலாம். வீட்ட மேம்படுத்த பண்ண செலவ லாபத்துல இருந்து கழிக்க வழி இருக்கு, சும்மா பெயின்ட், ரிப்பேர் அதுல சேராது, கிச்சன் புதுசா கட்டினது எந்த அளவுக்கு சேரும்னு ஆடிட்டர் தான் பாத்து சொல்லணும். ரொக்கமா குடுத்துட்டு துண்டு சீட்டுல எழுதி வாங்கினா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. டேப்பு, ஃபேன், ஹிஞ்ச் வாரண்டி கார்டையும் அதே ஃபைல்ல வச்சு, வாங்கறவங்க கிச்சன்ல நிக்கறப்பவே எடுத்து காட்டுங்க. மீந்து போன டைல்ஸ் அஞ்சாறும் லேமினேட் துண்டு ஒண்ணும் லாஃப்ட்ல எடுத்து வைங்க, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா அதே டிசைன் கடைல கிடைக்காது.

வீடு காலியா இருக்கிற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவ போயி சிங்க்ல ரெண்டு குடம் தண்ணி விட்டுட்டு வாங்க. ட்ராப்ல இருக்கிற தண்ணி வத்திப்போனா சேம்பர் வாடை வீடு முழுக்க ஏறிடும். கஸ்டமர் வர்ற அன்னிக்கு அரை மணி நேரம் முன்னாடி போங்க, ஜன்னல தொறந்து விடுங்க, எக்ஸாஸ்ட் ஃபேன போடுங்க, ரூம் ஃப்ரெஷ்னர் எதுவும் அடிக்காதீங்க, எதையோ மறைக்கறாங்கன்னு தோணும். வீட்டம்மா கிச்சனுக்குள்ள போனா பின்னாடியே போயி விளக்கம் சொல்லாதீங்க, தனியா தொறந்து பாக்க விடுங்க, கேள்வி கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க.